பனிக்காலத்தில் றெக்கை கொட்டும் வீட்டுக்கோழி: ஐப்பசி முதல் தை வரை பார்க்க வேண்டிய பக்குவம்

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்தால் கொங்குப் பக்கம் கோழி வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். "ஏனுங்க, முட்டை நிறுத்திருச்சு, றெக்கையெல்லாம் கொட்டுது, கழுத்தே மொட்டையாப் போச்சு, சீக்கா இருக்குமுங்களா?" இப்படிக் கேட்கிறவர்களில் பலர் அடுத்த வாரச்சந்தைக்கே அந்தக் கோழியைக் கொண்டுபோய்விடுகிறார்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை குழம்பாகிவிடுகிறது. எனக்கு இதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை, ஏனென்றால் அப்படிப் போகிற கோழிகளில் நிறைய அந்த வீட்டிலேயே நன்றாக முட்டை வைத்தவை. ஐப்பசிக்கு அப்புறம் தாமதமாக, ஒரே மூச்சில், பார்க்கவே சகிக்காத கோலத்தில் றெக்கை கொட்டுகிற கோழிதான் பெரும்பாலும் நல்ல முட்டைக்கோழி. சீக்கிரமே ஆரம்பித்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக மெதுவாக உதிர்த்துக்கொண்டு, பார்வைக்கு அழகாகவே இருக்கிற கோழி வருஷத்தில் அதிக நாள் சும்மா இருக்கும். அழகாக இருப்பதை வைத்துக்கொண்டு அசிங்கமாக இருப்பதை விற்றால் உங்கள் பட்டியில் முட்டை வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகும்.

அதனால் முதலில் விற்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் பொறுத்து, சரியாகத் தீனி கொடுத்து, நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும். எப்படி என்பதைத்தான் கீழே சொல்லப் போகிறேன்.

எதனால் கொட்டுகிறது

கோழிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பழைய இறகை உதிர்த்துப் புதுசு போட்டுக்கொள்வது இயல்பு. குஞ்சாக இருக்கும்போது பஞ்சு போய் இறகு வருவது வேறு கணக்கு. வளர்ந்த கோழிக்கு முதல் முழு உதிர்ப்பு சுமாராக ஒன்றேகால், ஒன்றரை வயதில் வரும். பகல் குறையக் குறைய உடம்பில் சுரப்புகள் மாறுகின்றன, முட்டைப்பை சுருங்கி ஓய்வுக்குப் போகிறது, அதுவரை முட்டைக்குப் போன சத்து இறகுக்குத் திரும்புகிறது. ஓய்ந்து புதுப்பித்துக்கொண்ட முட்டைப்பையிலிருந்து அப்புறம் வருகிற முட்டைக்கு ஓடும் நன்றாக இருக்கும், உள்ளே வெள்ளைக்கருவும் கெட்டியாக இருக்கும்.

இதில் நம் ஊருக்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. குளிர் நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் அளவு பல மணி நேரம் வித்தியாசப்படும், அங்கே பெரும்பாலான கோழிகள் ஏறக்குறைய ஒரே பருவத்தில் கொட்டும். கோயமுத்தூர், ஈரோடு பக்கம் ஆனி மாசத்துப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் இங்கே ஒன்று ஐப்பசியில் கொட்டும், ஒன்று மார்கழியில் கொட்டும், அவயத்துக்குப் படுத்துக் குஞ்சு பொரித்த கோழி குஞ்சை விரட்டிவிட்ட கையோடு எந்த மாசத்திலும் கொட்டும். கோடையில் தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் வாடினால்கூட ஆரம்பித்துவிடும். பத்துக் கோழியில் இரண்டுதான் கொட்டுகிறது, மற்றது நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் அந்த இரண்டுக்கும் சீக்கு என்று முடிவு கட்டாதீர்கள்.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் 72 வாரத்துக்கு மேல் கழித்துவிடுகிற வெள்ளை லேயர் கோழிகளை வாங்கி வந்து வீட்டில் விடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பண்ணையில் அதற்குத் தினமும் 16 மணி நேரம் வெளிச்சம். உங்கள் தோட்டத்தில் மார்கழியில் பதினொன்றரை மணி நேரம். இடமும் மாறி, தீவனமும் மாறி, வெளிச்சமும் குறைந்தால் வந்த கொஞ்ச நாளிலேயே மளமளவென்று கொட்டிவிடும். ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கோழிக்கு மேயவும் தெரியாது, குளிரும் பழக்கமில்லை, கீழே சொல்கிற பக்குவம் எல்லாவற்றையும் அதற்கு ஒரு பங்கு கூடுதலாகவே செய்யுங்கள்.

சீக்கா, உதிர்ப்பா?

உதிர்ப்பு தலையில் ஆரம்பித்துக் கழுத்து, நெஞ்சு, முதுகு, றெக்கை என்று இறங்கி வாலில் முடியும். உதிர்ந்த இடத்தில் சில நாளில் குச்சி குச்சியாகப் புது முளை தெரியும். கொண்டை சுருங்கி வெளுத்துப் போகும், கோழி கொஞ்சம் மந்தமாகத் தனியாக நிற்கும். ஆனால் தீனி போட்டால் ஓடி வரும், எச்சம் கெட்டியாக மேலே வெள்ளை பூத்து வழக்கம்போல இருக்கும்.

முதுகில் மட்டும் மொட்டை என்றால் சேவல் மிதித்தது. பின்பக்கம், வால் அடியில் மட்டும் மொட்டை என்றால் மற்ற கோழி கொத்துகிறது, அல்லது பேன். இரண்டிலும் புது முளை இருக்காது, முறிந்த இறகுத் தண்டு இருக்கும்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறது, தீனி எடுக்கவில்லை, கழுத்து திருகுகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது என்றால் அது உதிர்ப்பு கிடையாது. வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம், அன்றே தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். இரண்டு மூன்று அடுத்தடுத்துச் செத்தால் செத்த கோழியை எரிக்கவோ புதைக்கவோ அவசரப்படாமல் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

றெக்கையை ஒரு தடவை விரித்துப் பாருங்கள்

கொட்ட ஆரம்பித்த புதிதில், முளை இன்னும் பெரிதாக வராதபோது மட்டும், இருட்டிய பிறகு கோழியை மெதுவாக எடுத்து மடியில் வைத்து ஒரு பக்க றெக்கையை விரித்துப் பாருங்கள். நடுவில் குட்டையாக ஒரே ஓர் இறகு இருக்கும். அதற்கு வெளிப்பக்கம் நீளமாகப் பத்து இறகு, பறக்கிற இறகு இவைதான். உதிர்வது அந்தக் குட்டை இறகுக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகப் போகும். ஒவ்வொன்றும் முழுசாக வளர ஏறக்குறைய ஆறு வாரம் பிடிக்கும்.

இனி எண்ணுங்கள். மூன்று நான்கு இறகு ஒரே உயரத்தில் சேர்ந்து முளைத்து வந்தால் அந்தக் கோழி வேகமாகக் கொட்டி வேகமாக முடிக்கப் போகிறது, இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று. ஒன்று பெரியது, அடுத்தது அதைவிடச் சின்னது, அதற்கடுத்தது இன்னும் சின்னது என்று படிக்கட்டாக வந்தால் ஒவ்வொன்றாகத்தான் உதிர்க்கிறது, ஐந்து ஆறு மாசம்கூட இழுக்கும். எந்தக் கோழியை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்வது, எதன் முட்டையை அவயத்துக்கு வைப்பது என்பதை நான் கொண்டையை வைத்தோ நிறத்தை வைத்தோ முடிவு செய்வதில்லை, இந்த றெக்கையைப் பார்த்துத்தான். ஒரு காலில் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே முளை அருகே விளக்கைப் பிடித்தால் இன்னொன்று தெரியும். மெழுகு பூசியது மாதிரி வெளிறிய உறை, உள்ளே கருநீலமாக ஓடுவது இரத்தம். முளை வளர வளர இரத்தம் அடிப்பக்கம் வற்றி, நுனி உறை காய்ந்து பொடியாக உதிர்ந்து, உள்ளே சுருண்டிருந்த இறகு விரியும். கூண்டில் தவிடு கொட்டியது போல வெள்ளைப் பொடி கிடப்பது இதுதான், பொடுகும் இல்லை, பூஞ்சணமும் இல்லை.

மழைக்கு முன்பே முடிக்க வேண்டியவை

புரட்டாசியிலேயே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். இதை ஏன் முன்கூட்டியே என்று சொல்கிறேன் என்றால், ஃபென்பென்டசோல் என்கிற மருந்து புழுவுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் புது இறகு முளைக்கிற நேரத்தில் கொடுத்தால் இறகு கோணல்மாணலாக வளரும். உதிர்ப்பு நடுவில் புழு இருப்பது தெரிந்தால் மருத்துவரிடம் "கோழி இறகு மாற்றிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லி வேறு மருந்து கேளுங்கள். கழிச்சல் தடுப்பூசியும் நல்ல உடம்போடு இருக்கும்போதே போட்டுவிடுவது மேல். கால்நடைத் துறை முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில் வரும், அதை விட்டவர்கள் மழைக்கு முன் மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பேனும் உண்ணியும். மொட்டைத் தோலில் இவற்றின் கடி இன்னும் உறைக்கும். பகலில் கோழி மேல் தெரிவது பேன், இறகின் அடித்தண்டில் வெள்ளையாக ஒட்டியிருப்பது அதன் முட்டை. சிவப்பு உண்ணி பகலில் கூண்டு மூங்கில் பிளவிலும் ஆணி இடுக்கிலும் ஒளிந்துகொண்டு இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுப் போய்விடும். கோழி உட்காருகிற கட்டைக்கு அடியில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிவிட்டுக் காலையில் பாருங்கள், அல்லது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச் அடித்துக் கட்டையின் அடிப்பக்கம் விரலால் தேயுங்கள். விரலில் இரத்தக் கோடு விழுந்தால் உண்ணி இருக்கிறது. கட்டைகளைக் கழற்றி வெயிலில் போட்டு, இடுக்குகளில் வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து அடித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் செய்தாக வேண்டும், முதல் தடவை தப்பிய முட்டை அதற்குள் பொரித்திருக்கும்.

மண்ணில் புரண்டு குளிக்க ஓர் இடம் மழை படாமல் வேண்டும். பழைய டயரோ சிமென்ட் தொட்டியோ எடுத்து, காய்ந்த மண்ணும் சலித்த விறகுச் சாம்பலும் போட்டுக் கூரை அடியில் வையுங்கள்.

கூண்டு: ஈரத்தையும் வாடைக்காற்றையும் நிறுத்துங்கள், காற்றோட்டத்தை நிறுத்தாதீர்கள்

கோழியின் உடம்புச் சூடு 41, 42 டிகிரி. இறகு இருக்கும்வரை நம் சமவெளிக் குளிர் அதற்கு ஒன்றுமே இல்லை. இறகில்லாமல், மழையில் நனைந்து, மேலே வாடைக்காற்றும் பட்டால் அதே குளிர் ஆளைச் சாய்த்துவிடும். ஈரமும் காற்றும் சேர்வதுதான் ஆபத்து.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்குத் தோதாகக் கட்டிய கூண்டுகள் நிறைய, மேற்குப் பக்கம் சுவர், மற்ற பக்கம் கம்பி. மழைக்காலத்தில் காற்று திசை மாறி வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். அதனால் வடக்கும் கிழக்கும் சாக்குப் படுதா கட்டுங்கள். தரையிலிருந்து கோழி உட்காருகிற உயரத்துக்கு மேல் ஓரடி வரை மூடினால் போதும், கூரைக்குக் கீழே ஒரு சாண் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி அடைத்துவிடுகிறார்கள், அது பனியைவிடக் கெடுதல். மூச்சு ஈரமும் எச்சத்து நெடியும் வெளியே போக வழியில்லாமல் சளி பிடித்துக்கொள்ளும். காலையில் திறந்தவுடன் குத்தவைத்து உட்கார்ந்து கோழித்தலை உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் கூளம் ஈரம், மாற்ற வேண்டும். நின்றுகொண்டு மோந்தால் தெரியாது.

கூளத்துக்குக் கடலைத்தோல், நெல் உமி இரண்டும் நல்லது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவு சும்மாவே கிடைக்கும், வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போட வேண்டும், ஈரத்தோடு போட்டால் கட்டி தட்டிப் பூசணம் பிடிக்கும். மூன்று நான்கு அங்குலம் பரப்பி இரண்டு நாளைக்கொரு தடவை கிளறிவிடுங்கள், நனைந்த இடத்தை மட்டும் வாரிக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் நீர்த்த சுண்ணாம்பு தூவிப் புதுசு போடுங்கள். தண்ணீர்ச் சட்டியைக் கூளத்தின் மேல் வைக்காமல் செங்கல் மேல் வைத்தாலே பாதி ஈரம் குறைந்துவிடும்.

உட்காருகிற கட்டையை இந்த இரண்டு மாதத்துக்கு இறக்கிவிடுங்கள், ஒன்றரை அடி உயரம் போதும். உயரத்திலிருந்து குதிக்கும்போது முளை அடிபட்டு உடையும். உருண்டை மூங்கிலைவிட இரண்டு அங்குலம் அகலமுள்ள பட்டைக்கட்டை நல்லது, கோழி தட்டையாக உட்கார்ந்து விரலை நெஞ்சால் மூடிக்கொள்ளும். வேப்பமரத்திலும் பூவரசிலும் அடைகிற கோழியாக இருந்தால் கட்டாயம் இறக்கிக் கூண்டுக்குப் பழக்குங்கள், பறக்கிற இறகு இல்லாமல் அதனால் பழைய கிளைக்கு ஏற முடியாது. தரையில் எங்காவது பதுங்கும், கீரிக்கோ நாய்க்கோ போய்விடும்.

தீனி: இங்கேதான் பெரும்பாலும் தவறுகிறது

இறகில் ஏறக்குறைய 85 சதவீதம் புரதம். அதிலும் கந்தகச் சத்துள்ள புரதப் பகுதி அதிகம். இதைக் கோழி காற்றிலிருந்து செய்ய முடியாது, தீனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். நம் வீடுகளில் போடுவது என்ன? கம்பில் புரதம் 11, 12 சதவீதம், சோளத்தில் 10, மக்காச்சோளத்தில் 9, அரிசிக் குருணையில் 8, ராகியில் 7. முட்டை வைக்கிற கோழிக்கே 16 சதவீதம் வேண்டும், இறகு முளைக்கிற கோழிக்கு 18 முதல் 20. வெறும் தானியம் போட்டால் வயிறு நிறையும், இறகு வராது. மாசக்கணக்கில் மொட்டையாகவே நிற்கிற கோழிக்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

கடைத் தீவனம் போடுகிறவர்கள் முட்டைக்கோழித் தீவனத்தை நிறுத்திவிட்டு வளர்கோழித் தீவனத்துக்கு மாறுங்கள், மூட்டையில் புரத அளவு அச்சடித்திருக்கும், 18க்குக் குறையாமல் பாருங்கள். முட்டைத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நான்கு சதவீதம் இருக்கும், முட்டையே வைக்காத கோழிக்கு அவ்வளவு தேவையில்லை. கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டால் இன்னும் முட்டை வைக்கிற கோழி மட்டும் எடுத்துக்கொள்ளும்.

வீட்டிலேயே கலக்குகிறவர்களுக்குப் பத்துக் கிலோக் கணக்கு: உடைத்த கம்பும் மக்காச்சோளமும் சேர்ந்து 6 கிலோ, சோயாப் புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, எள்ளுப் புண்ணாக்கு முக்கால் கிலோ, அரிசித் தவிடு ஒன்றேகால் கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் அரைக் கிலோ, இதன் மேல் கோழிக்கான தாது உப்பு 200 கிராம். இதில் புரதம் ஏறக்குறைய 19, 20 சதவீதம் வரும். ஒரு கோழிக்கு நாளைக்கு 100 முதல் 120 கிராம். கருவாடு உப்புப் போட்டதாக இருந்தால் தொடவே வேண்டாம், உப்பு அதிகமானால் தண்ணீராகக் கழிந்து செத்தே போகும். சோயாப் புண்ணாக்கு தீவனக் கடையில் கிடைக்கிற, சூடு காட்டியதாக இருக்கட்டும், பச்சை சோயாப் பயறை அரைத்துப் போடாதீர்கள்.

எள்ளுப் புண்ணாக்கை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், அந்தக் கந்தகப் புரதம் சோயாவிலும் கடலையிலும் குறைவு, எள்ளில் அதிகம். நம் பக்கம் செக்கு இல்லாத ஊர் குறைவு, கேட்டால் கிடைக்கும். கடலைப் புண்ணாக்கில் புரதம் ஏராளம்தான், ஆனால் மழைக்காலத்தில் அதில் பூஞ்சண நஞ்சு சேரும், கண்ணுக்குத் தெரியாமலே இருந்து ஈரலைக் கெடுக்கும். ஐப்பசி கார்த்திகையில் அதைத் தவிர்த்துவிடுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் புதிதாக ஆட்டியதைக் கொஞ்சமாக வாங்கி, தரையில் படாமல் வையுங்கள். இன்னொரு எச்சரிக்கை, தோட்டத்து உரத்துக்கு வாங்கி வைத்திருக்கிற ஆமணக்குப் புண்ணாக்கு விஷம். கோழி அந்த மூட்டைப் பக்கமே போகக் கூடாது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்கு நல்லது, கோழிக்கு வேண்டாம்.

செலவில்லாமல் சேர்க்கக் கூடியதும் இருக்கிறது. கோபி, உடுமலைப் பக்கம் பட்டு வளர்ப்பும் நூற்பும் இருப்பதால் நூல் எடுத்த பிறகு மிஞ்சுகிற பட்டுப்புழுக் கூட்டுப்புழு கிடைக்கும். புரதம் பாதிக்கு மேல், அதே கந்தகப் புரதமும் உண்டு. நாறும், வெயிலில் நன்றாகக் காயவைத்து ஒரு கோழிக்கு ஐந்து கிராம் அளவுக்குப் போடுங்கள், கோழி அடித்துக்கொண்டு தின்னும். கரையான் நம் பாட்டிகள் குஞ்சுக்குப் பிடித்துப் போட்டதுதான். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல் போட்டு லேசாகத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானை நிறைய இருக்கும். பூச்சிமருந்து அடித்த காட்டில் மட்டும் வைக்காதீர்கள். முருங்கைக்கீரையை நிழலில் காயவைத்துக் கசக்கித் தீனியில் கலக்கலாம், காய்ந்த கீரையில் கால் பங்கு புரதம். அசோலா (தண்ணீரில் மிதந்து வளர்கிற தீவனச் செடி) நல்லதுதான், ஆனால் பச்சை அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், அதை மட்டும் நம்பித் தானியத்தைக் குறைத்தால் கோழி இளைத்துவிடும். உடைந்த முட்டை, ஓட்டோடு சேர்த்து வேகவைத்து நசுக்கிப் போடுவது இந்த நேரத்தில் மிக நல்ல தீனி.

புரதம் நல்லது என்று அளவுக்கு மீறியும் போக வேண்டாம். 20க்கு மேல் போனால் தண்ணீர் அதிகம் குடிக்கும், எச்சம் இளகும், கூளம் நனையும், நெடி ஏறும், சிறுநீரகத்துக்கும் பாரம்.

காலையில் புரதக் கலவையைப் போடுங்கள், தண்ணீரை வெதுவெதுப்பாக வையுங்கள். சாயங்காலம் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு கைப்பிடி முழுக்கம்போ உடைத்த மக்காச்சோளமோ போட்டுவிட வேண்டும். இரவு முழுக்க அது செரித்துக்கொண்டிருக்கும், அந்தச் செரிமானச் சூடுதான் கோழிக்குப் போர்வை. அடைந்த பிறகு கழுத்தடியில் தீனிப்பையை லேசாகத் தொட்டுப் பாருங்கள், நிறைந்து உருண்டையாக இருந்தால் சரி.

தொடாதீர்கள், தூக்காதீர்கள்

முளை வந்துவிட்டால் கோழிக்கு உடம்பெல்லாம் வலி. அந்த முளையை அமுக்கினால் நகக்கண்ணில் அடிபட்டது மாதிரி துடிக்கும். மடியில் உட்கார்ந்து பழகிய கோழிகூட ஓடும், அதற்கு உங்கள் மேல் கோபமில்லை. குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். கட்டாயம் எடுக்க வேண்டுமென்றால் இருட்டில், இரண்டு கையாலும் அடியில் தாங்கி எடுங்கள், றெக்கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கொடாப்பு (கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடை) போட்டு மூடுகிற பழக்கம் இருந்தால் உள்ளே குச்சி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

முளை உடைந்தால் சின்ன இறகுக்குக் கூட இரத்தம் நிறைய வரும். சுத்தமான துணியில் மஞ்சள்தூள் வைத்து இரண்டு மூன்று நிமிஷம் விடாமல் அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நின்றதும் சுற்றியுள்ள இரத்தத்தைத் துடைத்துத் தனியே வைத்துவிடுங்கள். பத்து நிமிஷம் ஆகியும் கசிந்தால் மருத்துவர்தான்.

தனியே வைக்கச் சொல்வதற்குக் காரணம் கொத்தல். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தும், ஒன்று ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். காயப்பட்ட கோழியை வேறெங்கோ கண்மறைவாகக் கொண்டுபோனால் திரும்ப விடும்போது புதுக்கோழி என்று அடிக்கும், அதனால் அதே கூண்டுக்குள் கம்பிவலை தடுத்து ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். கூட்டமாகக் கொத்திக்கொண்டால் கூண்டில் கீரைக்கட்டு ஒன்றைத் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் கவனம் அங்கே போய்விடும், தீனித் தட்டையும் இரண்டாகப் பிரித்து வையுங்கள்.

சேவலைக் கட்டாயம் பிரிக்க வேண்டும். முளை வந்த முதுகில் நகம் பட்டால் கிழியும். சேவலும் இதே காலத்தில் றெக்கை கொட்டும், அதற்கும் இதே தீனிதான். பெருவிடைச் சேவல் (பெரிய சண்டைச் சேவல் வகை) வைத்திருப்பவர்கள் இந்த மாசங்களில் அதைப் பழக்குவது, குளிப்பாட்டுவது எதையும் செய்யாதீர்கள்.

பகலில் வெளியே விடுவது

மழை பெய்கிற நாளில் மொட்டைக் கோழியை விடாதீர்கள். மார்கழியில் பனி புல்லில் நிற்கும்வரை, எட்டு எட்டரை வரை, உள்ளேயே தீனி கொடுங்கள். வெயில் ஏறிய பிறகு விட்டால் தானே போய்க் கட்டுத்தரைச் சுவரோரம் வெயில் காயும், அது நல்லது. நனைந்துவிட்டால் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, அடுப்படி மூலையில் கூடைக்குள் வைக்கோல் போட்டுக் காயவிடுங்கள். ஓடவும் பறக்கவும் முடியாத கோழி என்பதால் வல்லூறுக்கும் நாய்க்கும் எளிது, கண் பார்வையில் மேயட்டும்.

பல்பு வேண்டுமா?

சமவெளியில் வளர்ந்த கோழிக்கு வேண்டாம். தாளவாடி, பர்கூர் மலை, கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அங்கே முழு மொட்டையான கோழி இரவில் நடுங்கிக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கினால் வீட்டுக்குள் ஓர் அட்டைப்பெட்டியில் கனமாக வைக்கோல் போட்டுச் சில இரவு வைத்துக்கொள்ளலாம். பகலில் திரும்ப மந்தையோடு விட்டுவிடுங்கள். கூண்டில் சூட்டு பல்பு தொங்கவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை, காய்ந்த கூளமும் தென்னங்கீற்றும் இருக்கிற இடம், ஒரு பல்பு கழன்று விழுந்தால் கூண்டே எரிந்துவிடும்.

முட்டை சீக்கிரம் வரட்டும் என்று விளக்குப் போட்டுப் பகலை நீட்டுவதும் வேண்டாம். உடம்பு கேட்கிற ஓய்வு அது. தீனியைக் குறைத்துப் பட்டினி போட்டால் சீக்கிரம் கொட்டி முடிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குளிரில் மொட்டைக் கோழியைப் பட்டினி போடுவது கொடுமை, பாதி கோழி தேறாது.

வாரம் ஒரு தடவை இருட்டில் நெஞ்செலும்பை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். இந்தச் சமயத்தில் கொஞ்சம் இளைப்பது சகஜம், ஆனால் எலும்பு கத்தி முனையாக நீட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் சதை குழிந்திருந்தால் தீனி போதவில்லை, அல்லது மற்றது தின்ன விடவில்லை, அல்லது புழு. அந்தக் கோழிக்குத் தனியாக வைத்து ஊட்டம் கொடுங்கள். மூன்று மாதம் தாண்டியும் புது முளையே இல்லாமல் தோல் தெரிந்தால் தீனியையும் பேனையும் முதலிலிருந்து பார்த்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

திரும்ப முட்டைக்கு வரும்போது

தையில் பகல் நீள ஆரம்பிக்கும். கொண்டை சிவந்து தடிக்கும், கோழி கேறிக்கொண்டு மூலை மூலையாக இடம் தேடும். அடிவயிற்றுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு எலும்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் முட்டை பக்கத்தில் வந்துவிட்டது. இறகு முழுசாக விரிந்த பிறகுதான் தீவனத்தை மாற்ற வேண்டும், ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முட்டைத் தீவனத்துக்கும் கிளிஞ்சலுக்கும் கொண்டுவாருங்கள். முதலில் வருகிற இரண்டு மூன்று முட்டை சிறுத்தோ ஓடு மெலிந்தோ இருக்கலாம், பயப்பட வேண்டாம்.

சேவலைத் திரும்ப விடுவது கோழியின் முதுகு மூடிய பிறகு, சேவலும் இறகு முடித்த பிறகு. றெக்கை கொட்டுகிற சேவலுக்கு வீரியம் குறைவாக இருக்கும், அதனால் விட்டவுடன் வருகிற முட்டையை அவயத்துக்கு வைக்காமல் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து வருவதைச் சேர்த்து, நூல் கட்டி அடையாளம் வைத்த அந்த வேகமாகக் கொட்டிய கோழிகளின் முட்டையாகப் பார்த்து வையுங்கள். ஏழாம் நாள் இரவு ஒவ்வொரு முட்டையையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உள்ளே சிவப்பு நரம்பு ஓடியிருந்தால் கரு பிடித்திருக்கிறது, தெளிந்து கிடப்பதை எடுத்துவிடலாம்.